வாடும் வேலியை வெட்டலாமா?

தோட்டத்தைக் காப்பது வேலி. அந்த வேலியைக் காப்பது யார் என்று நாம் அதிகமாக யோசிப்பதில்லை. இரண்டு கோடை சேர்ந்தாற்போல் வேலி வாடிவிட்டால், கோடரியை எடுத்து வெட்டித் தகரத்தை அடித்துவிடுவதே மேல் என்னும் அபிப்பிராயம் மணலி வட்டாரத்தில் வலுத்து வருகிறது. இது அவசர முடிவு என்பதே நமது கருத்து.

எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை 1969-லும், உரத் தொழிற்சாலை 1971-லும் உற்பத்தியைத் தொடங்கிய பிறகு மணலி தொழில் நகரமாயிற்று. கனரக லாரிகள் கிளப்பும் புழுதி இலைமேல் படிந்து அதன் சுவாசத்தை அடைக்கிறது. அண்டையிலுள்ள மீஞ்சூர்ப் பகுதியில் நிலத்தடி நீரை அளவுக்கு மீறி இறைத்ததால் கடல்நீர் உட்புகுந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் எண்ணெய் கலந்து, பக்கிங்காம் கால்வாய் வழியே எண்ணூர் முகத்துவாரம் வரை சென்றது. எனவே, வேலி வாடுவது பெரும்பாலும் செடியின் குற்றமன்று. மண்ணும் நீரும் கெட்டதன் அடையாளமே. காரணத்தை அறியாமல் புதுச் செடியை அதே குழியில் நட்டால், அதற்கும் பழைய செடியின் கதியே நேரும்.

முதலில் சோதித்தறிதல் வேண்டும். அடித்தண்டை நகத்தால் கீறிப் பாருங்கள். பட்டையின் கீழ்ப் பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. இலை விளிம்பு கருகி, மண்மேல் வெண்மை பூத்திருந்தால் உப்பென்று கொள்ளலாம். பஞ்சு போன்ற வெண்மை தளிர்களில் அப்பியிருந்தால் அது மாவுப்பூச்சி.

பரிகாரமும் கடினமன்று. புழுதியையும் பூச்சியையும் நீரைப் பீய்ச்சிக் கழுவி, பிறகு வேப்பெண்ணெய்க் கரைசல் தெளிக்கலாம். உப்பு மண்ணில் பாத்தி கட்டி, மழைநீரைத் தேக்கி, அது கீழிறங்கி வடிய வழி செய்தல் வேண்டும்; மக்கிய எருவும் இடவேண்டும். எண்ணெய் படிந்த மேல்மண்ணை அகற்றாமல் எதையும் நடலாகாது. கிளைகளை ஒரே நாளில் மொட்டையடிக்காமல், இவ்வாண்டு ஒரு பக்கமும் மறு ஆண்டு மறு பக்கமுமாகக் கழித்தால் செடி தாங்கும். அடி அகன்றும் நுனி குறுகியும் இருக்குமாறு கத்தரித்தால் கீழ்க்கிளைகளுக்கும் வெயில் கிட்டும்.

ஆயினும் எல்லா வேலியும் காப்பாற்றத் தக்கதன்று. சீமைக்கருவேல் வேலியை அகற்றுவதே நலம். அதனை மேலாக வெட்டினால் மீண்டும் துளிர்க்கும். அடிக்கட்டையை வேரோடு தோண்டி எடுத்தல் அவசியம். இத்தகைய அயல் தாவரங்களை ஒழிப்பதற்கெனத் தமிழக அரசு 2022-ல் ஒரு கொள்கையையே வகுத்திருக்கிறது.

வேலிக்கு எதை நடுகிறோம் என்பது ஒரு வீட்டின் விஷயம் மட்டுமன்று. இதற்குச் சென்னையின் சரித்திரமே சான்று. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் டாக்டர் ஜேம்ஸ் ஆண்டர்சன், துணிக்குச் செஞ்சாயம் தரும் பூச்சியை வளர்க்கும் நோக்கத்துடன் சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டம் அமைத்தார். 1795-ல் பிரேசிலிலிருந்து இந்தியாவுக்கு வந்த பூச்சியோ வேறு இனம். மட்டமான சாயமே தந்தது. ஆனால் சப்பாத்திக்கள்ளியைத் தின்று தீர்த்தது. பிற்காலத்தில் மற்றொரு கள்ளி இனம் தென்னாட்டில் மிதமிஞ்சிப் பெருகவே, 1926-ல் இலங்கையிலிருந்து வேறொரு சாயப்பூச்சியை வரவழைத்து அதனை அடக்க நேர்ந்தது. நெசவாளர் நாடிய சாயமும் குடியானவர் நாடிய வேலியும் ஒரே செடியில் பிணைந்திருந்ததை அங்கத்தினர்கள் சிந்தித்தல் வேண்டும்.

ஆகவே நமது யோசனை இதுதான். வேலி இரு வீட்டாருக்கும் பொது எல்லையாதலால், காப்பதோ களைவதோ இருவரும் கலந்தே தீர்மானிக்கட்டும். ஒரு தெருவின் அங்கத்தினர்கள் ஒன்றுகூடி, ஒரே சமயத்தில் எருவும் ஆளும் அமர்த்தினால் செலவு குறையும். அகற்றும் இடத்தில் அப்பருவத்திலேயே, வடகிழக்குப் பருவமழைக்கு முன்பாக, நொச்சி, ஆடாதோடை, மருதோன்றி, கொடுக்காப்புளி ஆகியவற்றை நடலாம். முதல் இரண்டையும் ஆடு கடிப்பதில்லை. மருதோன்றி சாயமும் தரும். கொடுக்காப்புளி முள்ளும் பழமும் தரும்.

தகரம் சில ஆண்டுகளில் உப்புக்காற்றில் துருப்பிடித்து உதிரும். உயிர்வேலியோ புழுதியைத் தடுத்து, நிழல் தந்து, ஆண்டுதோறும் வலுக்கும். வெட்டுவதற்கு ஒரு பகல் போதும். வளர்ப்பதற்குப் பல ஆண்டுகள் வேண்டும். கோடரியை எடுக்குமுன் வேரைப் பாருங்கள்.