பத்து நிமிஷ ஆபரேஷனில் கேட்க என்ன இருக்கிறது?

"கண்புரையை எடுத்து லென்ஸை வைத்தால் பார்வை வந்துவிடும். பத்து நிமிஷ வேலை. இதில் நோயாளியிடம் கேட்க என்ன இருக்கிறது?" தூத்துக்குடியில் படித்தவர்களே இப்படிச் சொல்லக் கேட்கிறேன். பத்து நிமிஷம் என்பது மட்டும்தான் இதில் சரி.

லென்ஸையே எடுத்துக்கொள்வோம். பெரும்பாலோருக்கு வைக்கப்படும் லென்ஸ் ஒரே ஒரு தூரத்தைத்தான் துல்லியமாகக் காட்டும். வழக்கமாகத் தூரப்பார்வைக்குக் கணக்கிட்டு வைப்பார்கள். விசைப்படகு ஓட்டுகிறவருக்கு அது பொருந்தும். திரேஸ்புரம் கரையில் உட்கார்ந்து நாளெல்லாம் கிழிந்த வலையைப் பின்னுகிற பெரியவருக்கு? அடிவானத்தில் நிற்கிற கப்பல் தெரியும். மடியில் கிடக்கிற வலையின் கண்ணி தெரியாது. சுவரில் மாட்டிய அட்டையைக் கடைசி வரிவரை படித்தார் என்று கோப்பில் வெற்றி பதிவாகும். அவரோ வீட்டில் போய், "ஆபரேஷன் சரியில்லை" என்பார். இரண்டுமே உண்மைதான். கிட்டத்து வேலைக்குக் கண்ணாடி வேண்டியிருக்கும் என்று முன்கூட்டியே சொல்லியிருக்கலாம். கிட்டத்துக்கே லென்ஸைக் கணக்கிட்டு, தூரத்துக்குக் கண்ணாடி போட்டுக்கொள்ளச் சம்மதமா என்றும் கேட்டிருக்கலாம். அதற்கு முதலில் அவர் தொழில் என்னவென்று தெரிந்திருக்க வேண்டும்.

"இலவசமாகச் செய்தும் வராதவர்கள் அறியாமையில் இருக்கிறார்கள்" என்பது அடுத்த வாதம். தென்னிந்தியக் கிராமங்களில் நடத்தி 1991இல் வெளியான ஆய்வு வேறு கதை சொல்கிறது. சாப்பாட்டுக்கும் போக்குவரத்துக்குமான செலவையும் ஏற்றுக்கொண்ட ஊர்களில் கூடுதலான பேர் ஆபரேஷனுக்கு முன்வந்தார்கள். உப்பளக் கூலிக்குப் போகும் அம்மாவுக்கு பஸ் காசும், துணைக்கு வருகிற மகளின் அன்றைய கூலியும் ஆபரேஷன் செலவில் சேர்ந்தவையே.

"முற்றட்டும், பிறகு எடுக்கலாம்" என்பது இன்னொரு வாதம்; அது பழைய காலத்துப் பேச்சு. விட்டால் புரை இறுகும், ஆபரேஷன் கடினமாகும், சிலருக்குக் கண் அழுத்தமும் ஏறும்.

நோயாளிகள் கூட்டத்தில் கேட்க நேரமில்லை என்கிறவர்களுக்கு நம் மாவட்டத்துக்காரர் ஒருவரே பதில். எட்டயபுரம் பக்கம் வடமலாபுரத்தில் 1918இல் பிறந்த டாக்டர் கோ. வெங்கடசாமி, 1976இல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, பரிசோதனையையும் நோயாளிக்கு விளக்கிச் சொல்வதையும் அவர்கள் கையில் கொடுத்தது அந்த மருத்துவமனை. டாக்டருக்கு நேரம் இல்லாவிட்டாலும் நோயாளியோடு பேச ஆள் இருந்தது. கூட்டத்தால் கவனமும் குறையவில்லை. அங்கே 6 லட்சத்துக்கும் மேற்பட்ட கண்களை வைத்துச் செய்த ஆய்வில், ஆபரேஷன் முடிவில் கண்ணுக்குள் ஆன்டிபயாடிக் செலுத்தியபோது, கடுமையான கிருமித்தொற்று 0.07 சதவீதத்திலிருந்து 0.02 ஆகக் குறைந்தது.

கடைசியாக, "சில வாரம் கண்ணில் தண்ணீர் படக் கூடாது" என்ற அறிவுரை. எழுத்து வேலை பார்ப்பவருக்கு அது சின்ன விஷயம். சங்கு குளிக்கிறவருக்கு அத்தனை வாரமும் வருமானம் கிடையாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில்தான் நிற்கின்றன. அந்தப் படகுக்காரர்களுக்கு அப்போதே தேதி கொடுக்கலாமே. என்ன தொழில், எந்த மாதம் வேலை இருக்காது என்று பதிவுச் சீட்டில் இரண்டு வரி சேர்த்தால் போதும்.