முள் சீத்தாவும் அந்த 10,000 மடங்கும்

"கீமோவை விட 10,000 மடங்கு வீரியம். மருந்து கம்பெனிகள் மறைக்கும் ரகசியம்." இந்த ஃபார்வர்டு உங்க குடும்ப குரூப்புக்கும் கண்டிப்பா வந்திருக்கும். கூடவே பச்சையா, முள்ளு முள்ளா ஒரு பழத்தோட படம். முள் சீத்தா.

போன மாசம் ஓபிக்கு ஒரு அக்கா வந்தாங்க. வயசு 46. ஒரு வருஷத்துக்கு முன்னாடி பார்த்தப்ப மார்புல சின்னக் கட்டி, வேற எங்கயும் பரவல. ஆபரேஷன், கீமோன்னு சொல்லி அனுப்பினோம். திரும்பி வரவே இல்ல. முள் சீத்தா இலைக் கஷாயம், தினம் மூணு வேளை. இப்ப கட்டி தோலை உடைச்சு வெளிய வந்திருக்கு. ஸ்கேன்ல ஈரல்லயும் தெரியுது. அவங்க கேட்ட முதல் கேள்வி: "கஷாயத்தை நிறுத்திடணுமா சார்?"

அந்த 10,000 எங்கிருந்து வந்துச்சு தெரியுமா? 1996-ல அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்துல இந்தப் பழத்தோட விதையில இருந்து ஒரு வேதிப்பொருளைப் பிரிச்சு, ஆய்வகத்துல வளர்த்த குடல் புற்றுநோய் செல்கள் மேல போட்டுப் பார்த்தாங்க. அட்ரியாமைசின் மருந்தோட ஒப்பிட்டாங்க. அவ்ளோதான். பழம் இல்ல, இலை இல்ல, மனுஷனும் இல்ல. கண்ணாடித் தட்டுல இருக்கிற செல் மேல பினாயில் ஊத்தினாலும்தான் சாகும்! அதுக்காக குடிப்பீங்களா?

"இயற்கைதானே டாக்டர், கெடுதல் பண்ணாதே?" பண்ணும். கரீபியன் கடல்ல குவாதலூப்னு ஒரு தீவு. அங்க இந்தப் பழமும் இலைக் கஷாயமும் சர்வ சாதாரணம். வழக்கமான பார்க்கின்சன் மருந்துக்குச் சரியா அடங்காத ஒருவகை நடுக்கவாத நோய் அங்க அதிகமா இருக்கிறதை 1999-ல மருத்துவர்கள் லான்செட் இதழ்ல எழுதினாங்க. சந்தேகம் போனது இந்தச் செடி மேல. இதுல இருக்கிற அனோனாசின்ங்கிற பொருளை எலிகளுக்குக் கொடுத்தப்ப மூளை நரம்பு செல்கள் அழிஞ்சது. மனுஷங்ககிட்ட இதுதான் காரணம்னு முழுசா நிரூபணம் ஆகல, உண்மை. ஆனா தினம் மூணு வேளை குடிக்கிற அளவுக்கு இது விளையாட்டுப் பொருள் இல்ல.

பழமா எப்பவாவது சாப்பிடுங்க, நான் வேணாம்னு சொல்லல. நல்ல ருசி. 100 கிராம்ல சுமார் 66 கலோரி, 3 கிராம் நார்ச்சத்து, 20 மில்லிகிராம் வைட்டமின் சி. ஆனா நம்ம தள்ளுவண்டிக் கொய்யாவுல அதே 100 கிராமுக்கு வைட்டமின் சி 200-க்கு மேல. கொய்யாவுக்கு ஃபார்வர்டு எழுத ஆள் இல்ல, பாவம். கிட்னி கோளாறு இருக்கிறவங்க மட்டும் எந்தப் பழமா இருந்தாலும் பொட்டாசியம் பத்தி டாக்டர்கிட்ட கேட்டுட்டுச் சாப்பிடுங்க.

எங்க தப்பும் இருக்கு. ரெண்டு நிமிஷத்துல "கீமோ எடுக்கணும்"னு சொல்லி அடுத்த டோக்கனைக் கூப்பிடறோம். முடி கொட்டும், வாந்தி வரும்ங்கிற பயத்தை உட்கார்ந்து கேட்க எங்களுக்கு நேரமில்ல. ஃபார்வர்டு அனுப்புறவருக்கு நேரம் இருக்கு. ஆனா கட்டி உடைஞ்சா அவர் வரமாட்டார்.

யாராவது இப்ப இந்தக் கஷாயம் குடிச்சிட்டிருந்தா, உங்க டாக்டர்கிட்ட மறைக்காம சொல்லுங்க. திட்டினாலும் பரவால்ல, சொல்லுங்க. அதை நம்பி சிகிச்சையை விட்டிருந்தா நாளைக்கே போங்க.

அந்த அக்காவுக்கு முதல் கீமோ போன வாரம் முடிஞ்சது. குணமாக்க இல்ல, கட்டுப்படுத்த. கஷாயம் சொல்லிக் கொடுத்த உறவினர் கூட வந்திருந்தார். வெளியிலேயே நின்னார், உள்ள வரல.