கேரேஜ் பெஞ்ச்: ஹெரால்டு ஸ்பிரிங்கை வெட்டலாமா பாஸ்?

இந்த வாரம் ஒரே ஒரு கேள்விதான். ஆனா வெயிட்டான கேள்வி!

அடி அண்ணாமலையிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கார்: "தாத்தா ஓட்டின 1960-கள் மாடல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு வீட்டுல நிக்குது. இன்ஜினை ரெடி பண்ணியாச்சு. இனிமே அது ஸ்போர்ட்ஸ் கார் மாதிரி ரோட்டைக் கவ்விப் பிடிச்சு ஓடணும். முன்னாடி காயில் ஸ்பிரிங்கை ஒண்ணு ரெண்டு சுத்து வெட்டி இறக்கிட்டு, பின்னாடி பட்டையைத் தூக்கி விட்டா செம கெத்தா இருக்கும்னு ஃப்ரெண்ட்ஸ் சொல்றாங்க. செய்யலாமா?"

பதிலை முதல்லயே சொல்லிடறேன். வேணாம் பாஸ். முன்னாடி இறக்கி பின்னாடி தூக்குறது பல கார்கள்ல வெறும் அழகுப் பிரச்னை. ஹெரால்டுல அது உயிர்ப் பிரச்னை. ஏன்னு தெரியணும்னா காருக்கு அடியில கொஞ்சம் படுத்துப் பார்க்கணும். வாங்க!

ஹெரால்டு ஸ்போர்ட்ஸ் காரா?

பார்த்தா சாதுவான ஃபேமிலி கார்தான். 948 சி.சி. இன்ஜின், இத்தாலிக்காரர் மிக்கேலோட்டி வரைஞ்ச பாடி. இங்கிலாந்துல 1959-ல டிரையம்ப் ஹெரால்டா வந்துச்சு. நம்ம ஊர்ல 1961-லிருந்து ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இண்டியா கம்பெனி தயாரிச்சது. அதாவது பக்கா மெட்ராஸ் கார்!

ஆனா இதோட ரத்தத்துல ஸ்போர்ட்ஸ் இருக்கு. ஹெரால்டு சேஸிஸைக் குட்டையாக்கித்தான் டிரையம்ப் கம்பெனி 1962-ல ஸ்பிட்ஃபயர்ங்கிற ரெண்டு சீட்டர் ஸ்போர்ட்ஸ் காரை விட்டாங்க. 1966-ல வந்த ஜி.டி.6-ம் அதே குடும்பம்தான். அண்ணன் தம்பிங்க ரெண்டு பேரும் ரேஸுக்குப் போக, ஹெரால்டு மட்டும் வீட்டைப் பார்த்துக்கிட்டு இருந்த மாதிரி. அதனால ஸ்பிட்ஃபயர்காரங்க அறுபது வருஷமா கத்துக்கிட்ட சஸ்பென்ஷன் பாடம் எல்லாம் ஹெரால்டுக்கும் பொருந்தும். நல்ல பாடம், கெட்ட பாடம் ரெண்டுமே!

வில்லன் பேரு ஸ்விங் ஆக்ஸில்

முன்பக்கம் ஹெரால்டு ஜென்டில்மேன். டபுள் விஷ்போன், காயில் ஸ்பிரிங், ரேக் அண்ட் பினியன் ஸ்டீயரிங். சுமார் 25 அடி வட்டத்துக்குள்ள முழு காரையும் திருப்பிடலாம். சந்து பொந்துல ஆட்டோவுக்கே சவால் விடும்.

பின்பக்கம்தான் கதை. நடுவுல டிஃபரன்ஷியல் சேஸிஸோட போல்ட் போட்டு நிக்குது. அதிலிருந்து ரெண்டு பக்கமும் ஆக்ஸில் ஷாஃப்ட் வெளியே வருது. ஒவ்வொண்ணுக்கும் உள்பக்கத்துல மட்டும்தான் மடங்குற ஜாயிண்ட். நம்ம மெக்கானிக் அண்ணன்கள் 'கிராஸ்'னு சொல்வாங்களே, அதேதான். வீல் பக்கத்துல ஜாயிண்டே கிடையாது. குறுக்கே ஒரு நீளமான பட்டை ஸ்பிரிங், அதோட ரெண்டு முனையிலயும் வீல்கள்.

ரெண்டு கையையும் பக்கவாட்டுல நீட்டி, முழங்கையை மடக்காம உள்ளங்கையை மட்டும் வெளியே பார்த்த மாதிரி நிமிர்த்தி வச்சுக்கோங்க. தோள்தான் கிராஸ், உள்ளங்கைதான் டயர். கை படுக்கையா இருக்கிறப்போ உள்ளங்கை நேரா நிக்கும். கையைக் கொஞ்சம் கீழே இறக்குங்க. உள்ளங்கை சாய்ஞ்சு, கீழ்முனை உடம்பைப் பார்த்து உள்ளே போகுதா? கார் பின்பக்கம் மேலே எழும்பினா டயருக்கும் இதே கதிதான். இந்தச் சாய்வுக்குப் பேர்தான் கேம்பர்.

கணக்காவே பார்ப்போம். கிராஸிலிருந்து டயர் வரைக்கும் தோராயமா அரை மீட்டர்னு வச்சுக்கோங்க. பின்பக்கம் 5 செ.மீ. எழும்பினா, 50-க்கு 5. டான் இன்வர்ஸ் போட்டா கிட்டத்தட்ட 6 டிகிரி. ஒரு டயரை 6 டிகிரி சாய்ச்சு வச்சா தரையில முழுசா உக்காராது, ஓரத்துலதான் நிக்கும். ஓரத்துல நிக்குற டயருக்கு ஏது கிரிப்?

இதைவிட மோசமானது அடுத்த கட்டம். வளைவுல வேகமா திரும்புறப்போ வெளிப்பக்க டயரை ரோடு உள்நோக்கித் தள்ளுது. அந்தத் தள்ளு சாய்வான ஆக்ஸில் வழியா போய் காரோட பின்பக்கத்தையே மேலே தூக்குது. கம்பை ஊன்றித் தாண்டுற போல் வால்ட் மாதிரி! தூக்கினா டயர் இன்னும் சாயும். சாய்ஞ்சா இன்னும் தூக்கும். இந்த நேரத்துல டிரைவர் பயந்து ஆக்ஸிலரேட்டர்லிருந்து காலை எடுத்தார்னா, எடை முன்னாடி போய் பின்பக்கம் இன்னும் லேசாகும். டயர் காருக்கு அடியில மடங்கும். பின்பக்கம் சட்டுனு வழுக்கும். எச்சரிக்கையே இருக்காது.

இப்போ கேள்வியைத் திரும்பப் படிங்க. 'பின்னாடி பட்டையைத் தூக்கி விட்டா...' பட்டையை வளைச்சுத் தூக்குறப்போ கார் நிக்குறப்பவே டயர் அந்த ஆபத்தான பக்கத்துக்குச் சாய்ஞ்சு நிக்கும். முன்னாடி வெட்டி இறக்கினா எடையும் கொஞ்சம் முன்னாடி சாயும். மடங்குறதுக்கு நாமளே பாதி வேலையைச் செஞ்சு கொடுத்த மாதிரி!

அமெரிக்காவுக்கும் இதே தலைவலி

இது ஹெரால்டுக்கு மட்டும் வந்த வியாதி இல்லை. அமெரிக்காவுல ஷெவர்லே கம்பெனியோட கார்வேர் காருக்கும் ஸ்விங் ஆக்ஸில்தான், இன்ஜினும் பின்னாடி. 1965-ல ரால்ஃப் நேடர் எழுதின புத்தகம் முதல் அத்தியாயத்துலயே அந்தக் காரைக் கிழிகிழின்னு கிழிச்சுது. கார் பாதுகாப்புச் சட்டங்கள் வர்றதுக்கே அந்தப் புத்தகம் ஒரு காரணம். 1972-ல அமெரிக்க அரசோட ஆய்வு, கார்வேர் அந்தக் காலத்து மத்த கார்களைவிட மோசமில்லைன்னு சொல்லுச்சுங்கிறதையும் சேர்த்தே சொல்லணும்.

இதுல நமக்கு வேண்டிய மேட்டர் வேற. ஆரம்ப கார்வேருக்குக் கம்பெனி சொன்ன காற்றழுத்தம் முன் டயருக்கு 15 பி.எஸ்.ஐ., பின் டயருக்கு 26. முன்பக்கம் முதல்ல வழுக்கட்டும், பின்பக்கம் பிடிச்சு நிக்கட்டும்னு கணக்கு. ஆனா நாலு டயருக்கும் ஒரே மாதிரி காத்து அடிச்சுட்டா கணக்கு காலி! காத்து அடிக்கிறதுகூட சஸ்பென்ஷன் வேலைதான்னு இதுல தெரியுதா? உங்க ஹெரால்டுக்கும் ஹேண்ட்புக்ல என்ன போட்டிருக்கோ அதை எழுதி டேஷ்போர்டுல ஒட்டிடுங்க. பைசா செலவில்லாத அப்கிரேடு.

டிரையம்ப் என்ன பண்ணாங்க? 1968-ல ஜி.டி.6-க்குக் கீழ் விஷ்போன் போட்டு பின் சஸ்பென்ஷனையே மாத்தினாங்க. 1970-ல ஸ்பிட்ஃபயர் மார்க் 4-க்கு 'ஸ்விங் ஸ்பிரிங்'னு ஒரு சிம்பிள் ஐடியா. பட்டைக் கட்டுல ஒரே ஒரு பட்டையை மட்டும் இறுக்கிப் பிடிச்சு, மத்ததை நடுவுல ஊஞ்சல் மாதிரி ஆட விட்டுட்டாங்க. கார் ஒரு பக்கம் சாயறப்போ பின் ஸ்பிரிங் எதிர்க்காது. எதிர்க்குற வேலையை முன்பக்க ஆன்ட்டி ரோல் பார் பார்த்துக்கும். அதனால அந்தக் கம்பியையும் தடிமனாக்கினாங்க.

நம்ம மெட்ராஸ்ல இன்னொரு வழி. 1972-ல வந்த ஸ்டாண்டர்டு கெஸல்ல ஸ்விங் ஆக்ஸிலையே தூக்கிட்டு, லாரி மாதிரி ஒரே தண்டா இருக்குற லைவ் ஆக்ஸிலைப் போட்டுட்டாங்க. சொகுசு கொஞ்சம் குறையும். டயர் மடங்குற பேச்சே இல்லை!

அப்போ என்னதான் செய்யலாம்?

நிறைய செய்யலாம். ஆனா வரிசை முக்கியம். சீனியர்ஸ் சொல்ற மாதிரி, அரியர் பேப்பரை முடிச்சுட்டு அப்புறம் பிராஜெக்ட்!

1. டயர்: டயரோட பக்கத்துல நாலு இலக்கம் இருக்கும். 1523-ன்னா 2023-ம் வருஷம் 15-வது வாரம் செஞ்சது. வண்டி நின்னே இருந்தாலும் ரப்பர் கிழவனாயிடும். பட்டன் தேயலை, அதனால புதுசுன்னு நம்பாதீங்க. ஹெரால்டுக்கு 13 இன்ச் ரிம். நம்ம சின்ன கார்களுக்கு வர்ற 13 இன்ச் ரேடியல்ல பொருந்துற அளவு இருக்கான்னு பாருங்க. நாலும் ஒரே மாதிரி இருக்கணும்.

2. புஷ், கிராஸ், பேரிங்: பல வருஷம் நின்ன வண்டியில ரப்பர் புஷ் பிஸ்கட் மாதிரி நொறுங்கும். இதை மாத்தினாலே கார் பாதி இளமையாயிடும். ஆக்ஸில் கிராஸ்ல ஆட்டம் இருந்தா உடனே மாத்தணும், பேச்சே இல்லை.

3. டிரன்னியன்: முன் வீலைத் தாங்குற செங்குத்துத் தண்டு கீழே ஒரு வெண்கலத் துண்டுக்குள்ள மரை மேல திரும்பும். அதுக்குக் கம்பெனி சொன்னது கிரீஸ் இல்லை, 90-ம் நம்பர் கியர் ஆயில். எல்லா நிப்பிளுக்கும் கிரீஸ் கன்னை வைக்கிற பழக்கத்துல இதுக்கும் கிரீஸ் அடிச்சா, கீழ் வரைக்கும் போகாது. தண்ணி இறங்கித் துரு பிடிச்சு, ஒருநாள் ஸ்டீயரிங் திருப்புறப்போ தண்டு ஒடைஞ்சு வீல் படுத்துடும். ஆயில் அடிக்கச் சொல்லுங்க.

4. ஷாக் அப்சார்பர்: ஒவ்வொரு மூலையையும் அழுத்தி விடுங்க. ஒரு தடவை எழும்பி நின்னா ஓகே. ஊஞ்சல் ஆடினா மாத்துங்க. அட்ஜஸ்டபிள் வாங்கினா ரொம்ப டைட் வைக்காதீங்க. மேடு பள்ளத்துல வீல் தரையை விட்டுத் துள்ளும். துள்ளுற வீலுக்கு கிரிப் ஜீரோ.

5. பின் பட்டை: தூக்காதீங்க. பழைய பட்டை ஒரு பக்கம் மட்டும் தொங்கினா ஒழுங்கா செட் பண்ணலாம். ஆனா டயர் மேல்முனை லேசா உள்ளே சாய்ஞ்சு நிக்கணும். தெருவுல போற கார்ல அதுதான் பார்க்கவும் அழகு. டிஃபரன்ஷியலுக்கும் பட்டைக்கும் நடுவுல சின்ன பிளாக் வச்சு பின்பக்கத்தைக் கொஞ்சம் இறக்குறது ஸ்பிட்ஃபயர்காரங்க செய்யுற வேலை. ஸ்விங் ஸ்பிரிங் போடுறவங்களும் இருக்காங்க. ஆனா முன்பக்கம் தடிமனான ரோல் பார் இல்லாம அதை மட்டும் போட்டா கார் படகு மாதிரி சாயும். ரெண்டும் ஜோடி.

6. முன் காயில்: வெட்டவே வேணாம். 8 சுத்து ஸ்பிரிங்கை 6 ஆக்கினா நீளம் மட்டும் குறையாது, விறைப்பு 8-க்கு 6, அதாவது மூணுல ஒரு பங்கு கூடும். பழைய ஷாக்குக்கு அதை அடக்கத் தெம்பு இருக்காது. வெட்டின முனை சீட்ல சரியா உக்காரவும் உக்காராது.

எல்லாம் முடிஞ்ச பிறகு வீல் அலைன்மென்ட். முதல்ல அலைன்மென்ட் பண்ணிட்டு அப்புறம் புஷ் மாத்துறது, குளிச்சிட்டு எண்ணெய் தேய்க்கிற மாதிரி.

ஆர்.சி. புக்கையும் பாருங்க

மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, கம்பெனி கொடுத்த விவரத்துலிருந்து மாறுற மாதிரி வண்டியை மாத்தக்கூடாதுன்னு சொல்லுது. 2019 ஜனவரியில சுப்ரீம் கோர்ட்டும் இதை உறுதியா சொல்லியிருக்கு. இன்னொண்ணு, 50 வருஷம் தாண்டின வண்டிகளை வின்டேஜ்னு பதிவு பண்ண 2021-ல மத்திய அரசு விதி கொண்டு வந்தது. சேஸிஸ், பாடி, இன்ஜின்ல பெரிய மாற்றம் செஞ்சிருந்தா அந்தத் தகுதி போச்சு. தாத்தா காருக்கு அந்தத் தகுதி கிடைக்க சான்ஸ் இருக்கு. ஒரு வெல்டிங்ல அதை இழந்துடாதீங்க. எதைத் தொடறதுக்கு முன்னாடியும் ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல ஒரு வார்த்தை கேட்டுடுங்க.

யாருக்காக இந்த ஹேண்ட்லிங்?

ரேஸ் டிராக்குக்கும் தெருவுக்கும் வித்தியாசம் இருக்கு. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டை டிராக்ல வழுக்கினா மண்ணுல போய் நிப்பீங்க. ஹெல்மெட் இருக்கும், ஆம்புலன்ஸ் இருக்கும். அடி அண்ணாமலையில உங்க வாசல் வழியா போறது 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை. பௌர்ணமியில மட்டும் இல்லை, எந்த நாள்லயும் அங்கே யாராவது நடந்துக்கிட்டேதான் இருப்பாங்க. செருப்பில்லாத கால், கண்ணு மலையைப் பார்த்துக்கிட்டு இருக்கும். பின்னாடி வர்ற காரைப் பார்க்காது. அந்தக் காரோட பின்பக்கம் எச்சரிக்கை இல்லாம வழுக்குற காரா இருக்கக்கூடாது.

அதனால தெருவுக்கான நல்ல சஸ்பென்ஷன்னா வேகமா வளையறது இல்லை. ஸ்பீடு பிரேக்கர்ல அடி தட்டாம, திடீர்னு மாடு குறுக்கே வந்தா பிரேக் போட்டப்போ நேரா நின்னு, வளைவுல நாம நினைச்ச இடத்துக்கே போறது. ஸ்விங் ஆக்ஸில் காருக்கு ஓட்டுறதுலயும் ஒரு ரூல் இருக்கு: வளைவுக்கு முன்னாடியே வேகத்தைக் குறைச்சுடணும். வளைவுக்குள்ள ஆக்ஸிலரேட்டரை லேசா, ஒரே சீரா பிடிச்சிருக்கணும். நடுவுல படக்குனு காலை எடுக்கக்கூடாது. இந்த ரூலைத் தாத்தாகிட்ட கேட்டுப் பாருங்க. ஸ்விங் ஆக்ஸில்ங்கிற பேர் தெரியாமலேயே அவர் அப்படித்தான் ஓட்டியிருப்பார்!

வர்ற வாரம்: பழைய டிரம் பிரேக்கை டிஸ்க்கா மாத்தலாமா? கேள்விகளை அனுப்புங்க, காருக்கு அடியில படுத்துப் பார்த்துட்டு பதில் சொல்றேன்!