காப்புப் பிரதி எங்கே? சனாதிபதிக்குப் பாசிக்குடாவிலிருந்து ஒரு திறந்த மடல்

அதிமேதகு சனாதிபதி அவர்களுக்கு,

டிஜிட்டல் பொருளாதார அமைச்சும் தங்கள் பொறுப்பிலேயே இருப்பதால் இதைத் தங்களுக்கு எழுதுகிறேன். பாசிக்குடாவில் மூன்று அறைகள் கொண்ட சிறு தங்குமிடம் ஒன்றை நடத்துகிறேன். இதே விடயத்தை இரண்டு பதிவுத் தபால்களில் உரிய இடங்களுக்கு எழுதினேன். தபால் கந்தோர் தந்த துண்டுகள் பத்திரமாக இருக்கின்றன. பதில்தான் வரவில்லை. ஆகவே ஊரறிய எழுதுகிறேன்.

2023 ஜூனில், கடற்கரைக்கு இறங்கும் வழியொன்று தொடர்பாகக் கொழும்பிலுள்ள ஓர் அரச அலுவலகத்துக்கு மின்னஞ்சலில் விண்ணப்பித்தேன். என் காணி உறுதியின் பிரதி, அடையாள அட்டையின் இரு பக்கங்கள், அயலிலுள்ள பதினொரு மீனவக் குடும்பங்களின் கையொப்பங்கள், அவர்களின் அடையாள அட்டை இலக்கங்கள் எல்லாவற்றையும் இணைத்தேன். வாழைச்சேனைக் கடையொன்றில் ஸ்கான் செய்து, ஒவ்வொரு இலக்கமும் தெளிவாக விழுந்திருக்கிறதா என்று பார்த்துப் பார்த்து அனுப்பினேன். ஒக்டோபரில் தொலைபேசியில் கேட்டபோது, "அந்த நேரத்து மெயில் ஒண்டும் இல்லை, திரும்ப அனுப்புங்கோ" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்கள்.

அந்த நேரத்து மின்னஞ்சல்கள் எங்கே போயின என்பது தங்களுக்குத் தெரியும். 2023 ஓகஸ்ட் 26ஆம் திகதி, கப்பம் கேட்கும் மென்பொருள் ஒன்று அரச முகில் கணினிக் கட்டமைப்புக்குள் புகுந்தது. அரச மின்னஞ்சல் முகவரிகள் ஏறக்குறைய 5,000 பாதிக்கப்பட்டன. அமைச்சரவை அலுவலகமும் தப்பவில்லை. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரை வந்தவையும் போனவையும் அழிந்தன. 102 நாள்கள். அந்த நாள்களுக்கு வேறெங்கும் காப்புப் பிரதி இருக்கவில்லை. இதை ஒப்புக்கொண்டது தகவல் தொடர்பாடல் தொழில்நுட்ப முகவர் நிலையமே.

அரசு அப்போது மின்னஞ்சலுக்கு நம்பியிருந்தது மைக்ரோசொப்ட் எக்ஸ்சேஞ்ச் 2013 என்ற பழைய மென்பொருளை. அதைச் செய்த நிறுவனமே 2023 ஏப்ரல் 11ஆம் திகதியோடு அதற்கான ஆதரவை நிறுத்திவிட்டது. அந்தத் திகதி உலகுக்கே முன்கூட்டி அறிவிக்கப்பட்டது. 2021இலிருந்தே மாற்றத் திட்டமிட்டோம், பணம் போதவில்லை, முடிவுகள் தாமதித்தன என்று பிறகு காரணம் சொல்லப்பட்டது. கதவுப் பூட்டு உக்கியது தெரிந்தும் இரண்டு வருடம் அப்படியே விட்டவர்கள், கள்வனை மட்டும் குற்றம் சொல்ல முடியுமா?

அது தங்கள் ஆட்சியில் நடக்கவில்லை. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பிரசைகளின் தரவைக் காக்கும் சட்டம் 2022இலேயே நிறைவேறியது. அதன் முக்கிய பகுதிகள் 2025 மார்ச் 18ஆம் திகதி நடைமுறைக்கு வரவேண்டியிருந்தன. அந்தத் திகதியைத் தள்ளிவைத்தது தங்கள் அரசு. அதே வேளையில் புதிய டிஜிட்டல் அடையாள அட்டைக்காக எங்கள் கைரேகையையும் முகத்தையும் கருவிழியையும் கேட்கிறீர்கள். கடவுச்சொல் களவுபோனால் மாற்றிக்கொள்ளலாம். கைரேகையை எப்படி மாற்றுவது?

எங்கள் கரைக்கு ஆவணத்தின் அருமை தெரியும். 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் வந்தபோது பிறப்புச் சான்றிதழும் காணி உறுதியும் வங்கிப் புத்தகமும் வீட்டோடு போயின. உயிர் தப்பியவர்கள் தாங்கள் யார் என்பதை நிரூபிக்க மாதக்கணக்கில் வரிசையில் நின்றார்கள். அதற்குப் பிறகு என் அம்மா எல்லா ஆவணங்களையும் இரண்டு சொப்பின் பைகளில் சுற்றிக் கதவோரத்து ஆணியில் தொங்கவிட்டார். ஒவ்வொன்றிலும் ஒரு போட்டோ கொப்பி எடுத்து, செங்கலடியில் அக்கா வீட்டு அலுமாரியில் வைத்தார். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட பெண் அவர். ஒரே இடத்தில் வைத்தால் ஒரே அலையில் போகும் என்பதை அவருக்கு யாரும் பயிற்சி வகுப்பில் சொல்லிக்கொடுக்கவில்லை.

அம்மாவின் அந்தக் கவனம் எனக்கும் உண்டு. என் தங்குமிடத்தில் ஒரு ரவுட்டரும் நான்கு கமராக்களும் ஒரு கணினியும் உண்டு. விருந்தினருக்கு ஓர் இணைப்பு, கமராவுக்கும் கணக்குக்கும் வேறு இணைப்பு. பெட்டியில் வந்த கடவுச்சொற்களை முதல் நாளே மாற்றினோம். வெளிநாட்டவரின் கடவுச்சீட்டுப் பிரதி என் கையில் இருக்கும்வரை அதற்கு நான் பொறுப்பு. மூன்று அறைக்காரனுக்கு இருக்கும் இந்தப் பொறுப்பு நாட்டையே வைத்திருக்கும் உங்களுக்கு இல்லையா?

102 நாள்களில் தொலைந்தவை யாருடைய விண்ணப்பங்கள்? ஓய்வூதியத்துக்காக எழுதியவர் யார், காணாமல் போன மகனைப் பற்றி எழுதிய தாய் யார்? அவர்களில் ஒருவருக்காவது, உங்கள் கடிதம் எங்களிடம் இல்லை என்று சொன்னீர்களா? அழிந்ததோடு முடிந்ததா, வேறொருவர் கைக்கும் போனதா? அதையாவது சொன்னீர்களா?

தரவைக் காக்கும் அந்தச் சட்டத்தை முழுமையாக நடைமுறைப்படுத்துங்கள். ஒவ்வோர் அரச அலுவலகத்தின் தரவுக்கும் வலையமைப்புக்கு வெளியே ஒரு பிரதி வையுங்கள். தரவு தொலைந்தால், தொலைத்தவர்களிடமிருந்தே எங்களுக்கு அறிவித்தல் வரவேண்டும். இவை நடக்கும்வரை எங்கள் கைரேகையைக் கேட்கும் உரிமை உங்களுக்கு இல்லை.

என் பேச்சை நம்பி, வள்ளத்தடியில் நின்றபடி தங்கள் அடையாள அட்டை இலக்கத்தைச் சொன்ன பதினொரு குடும்பத்தவரும் தினமும் என் வாசலால்தான் கடலுக்குப் போகிறார்கள். அந்த இலக்கங்கள் இப்போது யாரிடம் இருக்கின்றன என்று அவர்கள் கேட்டால் நான் என்ன சொல்லவேண்டும் என்பதை எழுதி அனுப்புங்கள். தமிழில் எழுதுங்கள். வாசித்துக் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
பாசிக்குடாவில் தங்குமிடம் நடத்தும் ஒரு பிரசை