பீரங்கி உண்டு, ஓட்டம் இல்லை!

திண்டுக்கல்லிலே கடல் இல்லை. சிறுமலை உச்சியிலே நின்றாலும் அலை தெரியாது. போர்க்கப்பல் எஞ்சினைப் பற்றி நமக்கென்ன பேச்சு என்று தோழர்கள் கேட்கலாம். கப்பலுக்குக் கொட்டுவது நம் வரிப்பணம். அதிலே ஏறிச் செல்வோர் நம் வீட்டுப் பிள்ளைகள். பேசாதிருக்கலாமா?

2012 செப்டம்பர். ருஷியாவிலிருந்து நாம் வாங்கிய ‘விக்கிரமாதித்யா’ விமானந்தாங்கிக் கப்பலைக் கடலிலே ஓட்டிப் பார்த்தார்கள். எட்டுக் கொதிகலன்களில் ஏழு பழுதாயின! ஆஸ்பெஸ்டாஸ் கூடாது என்று நம் தரப்பு சொல்லியிருந்தது. மாலுமியின் நுரையீரலைக் காக்கும் நியாயமான கோரிக்கை அது. மாற்றாக வைத்த செங்கல் சூட்டைத் தாங்கவில்லை என்றார்கள் கட்டியவர்கள். 2008இல் வரவேண்டிய கப்பல் 2013 நவம்பரில்தான் கடற்படையிலே சேர்ந்தது. செலவோ 97 கோடி டாலரிலிருந்து 230 கோடி டாலரைத் தாண்டிற்று.

ருஷியா மட்டுமா? கடலாண்ட பிரிட்டன் கட்டிய ‘டேரிங்’ வகைக் கப்பல்கள் ஆறு. வெப்பக் கடலிலே அவற்றின் எஞ்சின் வலுவிழந்தது, மின்சாரம் அறுந்தது, நடுக்கடலிலே இருள் சூழ்ந்தது. குளிர்நாட்டிலே கணக்குப் போட்டவர்கள் வளைகுடா வெயிலை மறந்தார்கள்! இன்று ஆறுக்கும் புதிய டீசல் ஜெனரேட்டர்கள் பொருத்தும் வேலை.

இன்னொரு பாடம் கேளுங்கள். 2024 டிசம்பரிலே ருஷியாவில் நம் கடற்படை பெற்ற ‘துஷில்’ கப்பலின் எஞ்சின் உக்ரைன் நாட்டுச் சரக்கு. கப்பல் கட்டியவனும் எஞ்சின் செய்தவனும் களத்திலே பகைவர்கள்! நாளை உதிரிப் பாகம் வேண்டுமென்றால் யார் வாசலிலே நிற்பது?

நம் ஊர் மாங்காய்ப் பூட்டைப் பாருங்கள். பளபளப்பையா நம்பி வாங்குகிறோம்? உள்ளேயிருக்கும் லீவரை நம்பி வாங்குகிறோம். பூட்டு நம்முடையது, சாவி அடுத்தவன் மடியிலே என்றால் அந்த வீடு நமக்குச் சொந்தமா?

2025 ஏப்ரலிலே, 6 மெகாவாட் கப்பல் டீசல் எஞ்சினை இங்கேயே உருவாக்க 270 கோடி ரூபாய்த் திட்டத்திற்கு ஒப்பந்தமாயிற்று. வரவேற்போம். ஆனால் அதிலே பாதிப் பாகமாவது உள்நாட்டுச் சரக்காக இருக்க வேண்டும் என்பதே இலக்கு. மீதிப் பாதி?

கப்பலுக்கு மாலை போடும் நாளிலே எல்லாரும் மேல்தளத்திலே நிற்கிறார்கள். சூட்டிலே வெந்து, எண்ணெய்க் கையோடு “இது தாங்காது” என்று சொல்லும் தொழிலாளி கீழே நிற்கிறான். அவன் சொல் முதலிலே மேலே ஏறட்டும். மாலை பிறகு ஏறலாம்!