இலாபம் இருக்கிறது, காசு எங்கே?

"தம்பி, இதை நீங்கள்தானே எழுதினனீங்கள்?"

1998 ஆம் ஆண்டில் ஒரு பிற்பகல் எனது மேசைக்கு முன்னால் வந்து நின்று இப்படிக் கேட்டவர், வெள்ளவத்தையில் வசித்த ஓர் இளைப்பாறிய ஆசிரியர். கையில் நாலாக மடித்த ஒரு பத்திரிகை நறுக்கு. வீட்டுப் பாவனைப் பொருட்களைத் தவணை முறையில் விற்றுவந்த ஒரு கம்பனியின் வருடாந்த இலாபம் முன்னைய ஆண்டைவிட வெகுவாக உயர்ந்துவிட்டது என்பது அதிலிருந்த செய்தி. எழுதியவன் நான்தான். அதைப் படித்துவிட்டு, தமக்குக் கிடைத்த பணிக்கொடையில் பாதிக்கு மேற்பட்ட தொகையை அவர் அந்தக் கம்பனியின் பங்குகளில் போட்டிருக்கிறார். ஓராண்டு கழிவதற்குள் கம்பனி வங்கிக் கடனைக் கட்ட முடியாமல் தவித்தது. பங்கின் விலை சில்லறைக்கு வந்துவிட்டது.

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் மறந்திருப்பேன். ஒரேயொரு கேள்விதான் கேட்டார். "இலாபம் எண்டால் காசு இருக்கவேணும்தானே, தம்பி? அப்ப அந்தக் காசு எங்கை போனது?"

என்னிடம் விடை இருக்கவில்லை. நான் பேராதனையில் தமிழும் வரலாறும் படித்த கலைப்பட்டதாரி. வணிகப் பக்கத்தைக் கவனித்தவர் கனடாவுக்குப் போய்விட்டதால் அந்தப் பக்கம் எனது தலையில் விழுந்தது. கம்பனிகள் ஆங்கிலத்தில் அனுப்பும் அறிக்கையை இருபது நிமிடத்தில் தமிழாக்கி, இலாபத் தொகையைத் தலைப்பிலே போட்டால் வேலை முடிந்தது. அந்தச் செய்தியும் அவ்வாறு எழுதப்பட்டதுதான்.

அன்று மாலை அந்தக் கம்பனியின் ஆண்டறிக்கையைத் தேடி எடுத்துக்கொண்டு எங்கள் அலுவலகக் கணக்காளரிடம் போனேன். சாவகச்சேரிக்காரர், அதிகம் பேசாதவர். இலாப நட்டக் கணக்கை அவர் பார்க்கவேயில்லை. நாலைந்து தாள்களைத் தள்ளிவிட்டு ஒரு பக்கத்தில் விரலை வைத்தார். காசுப் பாய்ச்சல் கூற்று. அதன் முதற் பகுதியின் கடைசி வரியில், தொழிற்பாடுகளிலிருந்து கிடைத்த தேறிய காசு என்ற இடத்தில், ஒரு பெரிய தொகை அடைப்புக்குறிக்குள் இருந்தது. அடைப்புக்குறி என்றால் மறைப் பெறுமானம். அதாவது அந்த ஆண்டு முழுவதும் வியாபாரம் செய்ததில் கம்பனிக்குக் காசு வரவில்லை. கம்பனியிலிருந்துதான் காசு போயிருக்கிறது. அதே அறிக்கையின் முன்பக்கத்தில் தலைவர் சிரித்துக்கொண்டு நிற்கிறார்.

இது எப்படி நடக்கும் என்று கேட்டேன். "எங்கடை பேப்பரையே பாருங்கோவன்" என்றார்.

பத்திரிகையில் ஒரு முழுப்பக்க விளம்பரம் வெளியாகிறது. வெளியான அன்றே அது வருமானமாகக் கணக்கில் ஏறிவிடும். கணக்கியலில் அட்டுறு அடிப்படை என்று சொல்வார்கள். வேலை முடிந்தால் வருமானம், காசு வந்ததா என்பது வேறு விடயம். விளம்பர முகவர் காசோலை தருவதற்கு நான்கு மாதங்கள் ஆகலாம், ஆறு மாதங்களும் ஆகலாம். ஆனால் அந்த விளம்பரத்தை அச்சிட்ட தாளுக்கு வங்கியில் நாணயக் கடிதம் திறந்து டொலரில் பணம் கட்டியாயிற்று. அச்சுக்கூடத் தொழிலாளிக்கு மாத இறுதியில் சம்பளம் வேண்டும். அந்த ஆண்டு நாங்கள் இலாபம் ஈட்டிய பத்திரிகைதான். சம்பளம் இரண்டு தடவை பத்து நாட்கள் பிந்தி வந்ததற்கு முதலாளியின் மனம்தான் காரணம் என்று நாங்கள் எல்லோரும் பேசிக்கொண்டிருந்தோம்.

கற்பனையான எண்களைக் கொண்டு அவர் ஒரு துண்டுக் காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டினார். இலாபம் 20 இலட்சம் ரூபா. அதைக் கணிக்கும்போது அச்சியந்திரத்தின் பெறுமானத் தேய்வாக 5 இலட்சம் கழிக்கப்பட்டிருக்கிறது. அது ஏட்டில் மட்டும் கழிந்த தொகை, யாருக்கும் கொடுக்கப்பட்ட காசன்று. எனவே திரும்பக் கூட்டினால் 25. விளம்பரக்காரரிடமிருந்து வரவேண்டிய பாக்கி இவ்வாண்டில் 30 இலட்சத்தால் கூடியிருக்கிறது. கழித்தால் மறை 5. களஞ்சியத்தில் தாள் இருப்பு 10 இலட்சத்தால் கூடியிருக்கிறது, அதையும் கழித்தால் மறை 15. நாங்கள் பிறருக்குக் கொடுக்காமல் வைத்திருக்கும் பாக்கி 4 இலட்சத்தால் கூடியிருப்பதால் அந்தளவு காசு இன்னும் எங்கள் கையில் நிற்கிறது. ஆக, மறை 11 இலட்சம். இருபது இலட்சம் இலாபமும் பதினொரு இலட்சம் பற்றாக்குறையும் ஒரே நிறுவனத்தில் ஒரே ஆண்டில், எந்தப் பொய்க்கணக்கும் இல்லாமல்.

ஊரில் பலசரக்குக் கடை வைத்திருந்தவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. கடன் கொப்பி தடித்துக்கொண்டு போக, அலுமாரி மெலிந்துகொண்டு போவதை அவர்கள் கண்ணாலே பார்ப்பார்கள். பெரிய கம்பனிகளில் அந்தக் கொப்பியை நாங்கள் பார்ப்பதில்லை.

இதற்குப் பாடப்புத்தகங்கள் எடுத்துக்காட்டும் சம்பவம் ஒன்று அமெரிக்காவில் நடந்தது. வில்லியம் தோமஸ் கிராண்ட் என்பவர் 1906 இல் மசாசூசெட்ஸ் மாநிலத்தின் லின் நகரில் ஒரு மலிவு விலைக் கடையைத் திறந்தார். அது டபிள்யூ. ரி. கிராண்ட் என்ற பெயரில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கடைகளும் ஏறத்தாழ 80,000 ஊழியர்களும் கொண்ட நிறுவனமாக வளர்ந்தது. 1960களிலும் 70களின் தொடக்கத்திலும் ஆண்டுதோறும் கோடிக்கணக்கான டொலர் இலாபம் காட்டியது. பங்குலாபம் தவறாமல் கொடுத்தது. 1973 இல் கூட அதன் பங்கு, பங்கொன்றுக்கான உழைப்பைப் போல ஏறக்குறைய இருபது மடங்கு விலைக்குப் போனது. 1975 ஒக்டோபரில் வங்குரோத்து மனுத் தாக்கல் செய்தது. அடுத்த ஆண்டில் கடைகள் யாவும் மூடப்பட்டன. நிறுவனர் 1972 இல், தமது 96 ஆவது வயதில் இறந்துவிட்டதால் இதைப் பார்க்கவில்லை.

என்ன நடந்தது? விற்பனையைக் கூட்டுவதற்காக வருகிறவர் போகிறவருக்கெல்லாம் கடனுக்குப் பொருள் கொடுத்தார்கள். யாருக்குக் கடன் கொடுப்பது என்பதை அந்தந்தக் கடையே தீர்மானித்தது. திருப்பிச் செலுத்த 36 மாதங்கள் வரை அவகாசம். மாதாந்தம் ஒரு டொலர் கட்டினாலே போதும் என்ற நிலையும் இருந்தது. ஒவ்வொரு விற்பனையும் உடனே இலாபமாகப் பதிவாகியது. காசோ வாடிக்கையாளரின் வாக்குறுதியாகவே நின்றது. புதிய கடைகளுக்குச் சரக்கு நிரப்ப வேண்டியிருந்ததால் அங்கேயும் பணம் முடங்கியது. பற்றாக்குறையைக் குறுங்காலக் கடன் நிரப்பியது. 1974 இல் 143 வங்கிகள் சேர்ந்து 600 மில்லியன் டொலர் கடன் வழங்கின. அத்தனை வங்கிகளிலும் கடன் பரிசீலிக்கும் அதிகாரிகள் இருந்திருப்பார்கள் என்பதை நினைக்கும்போது எனது இருபது நிமிடத் தமிழாக்கம் பற்றிய குற்றவுணர்வு சற்றே குறைகிறது. அந்த நிதியாண்டின் நட்டம் 177 மில்லியன் டொலர்.

லார்கே, ஸ்டிக்னி என்ற இரு ஆய்வாளர்கள் 1980 இல் இந்தக் கணக்குகளை மீண்டும் எடுத்து ஆராய்ந்தார்கள். இலாபத்தை ஒதுக்கிவிட்டுத் தொழிற்பாட்டுக் காசைக் கணித்தபோது, வீழ்ச்சிக்கு முந்திய பத்தாண்டுகளில் பெரும்பாலான ஆண்டுகளில் நிறுவனம் வியாபாரத்தால் காசைப் பெறவில்லை, இழந்தே வந்திருக்கிறது என்பது தெரிந்தது. அக்காலத்தில் காசுப் பாய்ச்சல் கூற்று என்ற ஒன்றை வெளியிடும் கட்டாயம் அமெரிக்காவில் இருக்கவில்லை. 1987 இல்தான் அங்கே அந்த நியமம் வந்தது. இன்று இலங்கையில் LKAS 7 என்ற நியமம் அதைக் கோருகிறது. அதாவது கிராண்ட் பங்குதாரருக்குக் கிடைக்காத பக்கம் எங்கள் ஆசிரியருக்குக் கிடைத்தே இருந்தது. அதைப் படித்துச் சொல்ல வேண்டியவன் நான்.

இதை வாசித்துவிட்டு, மறைப் பெறுமானம் கண்டால் ஓடிவிட வேண்டும் என்று யாரும் முடிவுகட்ட வேண்டாம். வேகமாக வளரும் நல்ல நிறுவனமும் ஓரிரு ஆண்டுகள் அப்படி இருக்கலாம். மறுபுறமும் உண்டு. 2002 இல் அமேசன் 149 மில்லியன் டொலர் நட்டம் காட்டியது. அதே ஆண்டில் தொழிற்பாடுகளிலிருந்து 174 மில்லியன் டொலர் காசு அதற்குக் கிடைத்தது. வாடிக்கையாளர் அட்டையைக் கொடுத்து உடனே பணம் செலுத்துகிறார். பொருள் வழங்கியவருக்கு அமேசன் பின்னர்தான் செலுத்துகிறது. நட்டக் கம்பனி என்று அப்போது பத்திரிகைகளில் எழுதியவர்கள் பலர். இலாபமும் காசும் ஓராண்டு பிரிந்து போவது இயல்பு. ஆண்டுக்காண்டு இடைவெளி விரிந்துகொண்டே போனால் ஏன் என்று கேட்கவேண்டும். கேட்கவேண்டிய முதல் இடம், வரவேண்டிய பாக்கி.

காசை மட்டும் நம்பினால் போதுமா என்றால், அங்கும் வித்தைக்காரர்கள் நுழைந்துவிட்டார்கள். வேர்ல்ட்கொம் நிறுவனம் பிற தொலைத்தொடர்புக் கம்பனிகளின் இணைப்புகளைப் பாவித்ததற்குக் கொடுத்த கட்டணத்தை அன்றாடச் செலவாகக் காட்டாமல் சொத்து வாங்கியதாக எழுதியது. 2002 ஜூனில் வெளிப்பட்டபோது தொகை 3.8 பில்லியன் டொலர். காசு போனது போனதுதான். ஆனால் தொழிற்பாட்டுப் பகுதியிலிருந்து முதலீட்டுப் பகுதிக்கு இடம் மாறியதால் முதற் பகுதி செழிப்பாகத் தெரிந்தது. 2001 டிசம்பரில் வீழ்ந்த என்ரோன், வங்கிகளிடம் வாங்கிய கடனை எரிபொருள் விற்பனைக்கான முற்பணம் போலச் சோடித்து, தொழிற்பாட்டுக் காசாகக் காட்டியது. இந்தியாவின் சத்யம் இன்னும் ஒரு படி மேலே போனது. 2009 ஜனவரியில் அதன் தலைவர் ராமலிங்க ராஜு ஒப்புக்கொண்டபடி, ஏட்டிலிருந்த வங்கி மீதியில் 5,040 கோடி இந்திய ரூபா இருக்கவேயில்லை. அதனால்தான் முதற் பகுதியோடு நின்றுவிடாமல் மற்ற இரண்டு பகுதிகளையும், முதலீடு, நிதியிடல் ஆகியவற்றையும், ஒரு கண் பார்க்கச் சொல்கிறேன். காசு நிறைய இருப்பதாகச் சொல்லும் கம்பனி ஏன் மேலும் மேலும் கடன் வாங்குகிறது என்ற கேள்விக்குக் கணக்கியல் பட்டம் தேவையில்லை.

எம்மவர்கள் அதிகம் பணம் போடும் நிதிக் கம்பனிகள் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. பொதுமக்களிடம் வைப்புப் பெறுவதே அவற்றின் தொழில் என்பதால், புதிய வைப்புகளாக வரும் பணமும் தொழிற்பாட்டுக் காசாகவே பதிவாகும். ஒரு பலசரக்குக் கம்பனிக்குக் கடனாகக் கருதப்படுவது இங்கே வியாபார வரவு. ஆகவே அந்த வரி நேர்ப் பெறுமானமாக இருப்பதைக் கண்டு மகிழ்வதில் பொருளில்லை. வைப்புகள் கூடியதை நீக்கிவிட்டுப் பார்க்கவேண்டும். கடன் வாங்கியவர்கள் உண்மையில் வட்டி கட்டுகிறார்களா, அல்லது புதிதாக வந்தவரின் பணத்தில் பழையவருக்கு வட்டி போகிறதா என்பது அப்போதுதான் புலப்படும். 2008 இறுதியில் கோல்டன் கீ வீழ்ந்தபோது கொழும்பில் கண்ணீரோடு நின்ற வைப்பாளர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களில் படித்தவர்கள் குறைவல்லர்.

எனது வாதம் சிறியது. எங்கள் பத்திரிகைகள் இன்றும் கம்பனிச் செய்தி என்றால் வருமானம், இலாபம், தலைவரின் கூற்று என்ற மூன்றோடு நிறுத்திக்கொள்கின்றன. காலாண்டு அறிக்கையிலும் காசுப் பாய்ச்சல் இருக்கிறது. கொழும்புப் பங்குச் சந்தையின் இணையத்தளத்தில் எவரும் பார்க்கலாம். இலாபத்தின் பக்கத்தில் தொழிற்பாட்டுக் காசையும் ஒரு வரியில் போட்டால் பத்திரிகைக்கு என்ன குறைந்துவிடும்? ரொறன்ரோவிலும் இலண்டனிலுமிருந்து, ஊரில் எந்தக் கம்பனியில் முதலிடலாம் என்று என்னிடம் கேட்டு எழுதுகிறார்கள். நான் பெயர் சொல்வதில்லை. ஐந்தாண்டு இலாபத்தை ஒரு நிரையிலும் ஐந்தாண்டுத் தொழிற்பாட்டுக் காசை அதன்கீழ் மறு நிரையிலும் எழுதி எனக்கு அனுப்புங்கள், பிறகு பேசுவோம் என்கிறேன். பெரும்பாலானோர் மறுபடி எழுதுவதில்லை.

நானே இதைச் செய்து பார்த்ததுண்டு. வணிகப் பக்கம் எனது பொறுப்பிலிருந்த கடைசிக் காலத்தில் ஒவ்வொரு கம்பனிச் செய்தியின் அடியிலும் அந்த ஒரு வரியைச் சேர்த்தேன். மூன்றாவது வாரத்தில் ஓர் உதவி ஆசிரியர், எண்ணுக்கு இருபுறமும் இருந்த அடைப்புக்குறிகளை அச்சுப்பிழை என்று கருதி நீக்கிவிட்டார். 80 மில்லியன் ரூபா வெளியே போன கம்பனிக்கு 80 மில்லியன் உள்ளே வந்ததாகப் பத்திரிகை வெளிவந்தது. மறுநாள் உள்பக்க மூலையில் ஒரு சிறிய திருத்தம் போட்டோம். கம்பனியிலிருந்து எவரும் தொலைபேசியில் அழைத்து முறையிடவில்லை.