கணக்கில் வராத நீர்

கரையோரக் கடலில் ஓர் உயிரினம் எங்கே, எப்போது, எந்த அளவுக்குப் பெருகும் என்பதை, நீரின் ஓட்டத்தைக் கூறும் சமன்பாடுகளையும் உயிரின் வளர்ச்சியைக் கூறும் சமன்பாடுகளையும் ஒன்றோடொன்று தொடுத்துக் கணிக்கும் முறையே இயற்பியல்-உயிரியல் இணை மாதிரி எனப்படுகிறது. அமெரிக்காவின் வடகிழக்கில் கனடாவின் எல்லையை ஒட்டி அமைந்த மெய்ன் வளைகுடா இத்துறையின் பழைய களங்களுள் ஒன்று. அதன் வாயிலில் உள்ள ஜார்ஜஸ் கடல்திட்டில் தாவர மிதவைகள், அதாவது நீரோடு மிதந்து ஒளிச்சேர்க்கை செய்யும் நுண்ணுயிர்கள், பருவந்தோறும் கூடிக் குறைவதை, ஒளிச்சேர்க்கையிலிருந்து சுவாச இழப்பையும் விலங்கு மிதவைகளின் மேய்ச்சலையும் கழித்துப் பார்க்கும் ஒரு சமன்பாட்டால் கோர்டன் ரைலி 1946இலேயே விளக்க முயன்றார்.

இன்று அதே நீர்ப்பரப்பில் ஆய்வாளர்கள் பின்தொடர்வது அலெக்சாண்ட்ரியம் என்னும் நச்சு நுண்பாசியை. இதை வடிகட்டி உண்ணும் மட்டிகளிலும் ஆளிகளிலும் சாக்சிடாக்சின் என்ற நரம்பு நஞ்சு சேர்கிறது. சமைத்தாலும் அழியாத அந்த நஞ்சு மிகுந்தால், உண்டவரின் தசைகள் செயலிழந்து மூச்சே நின்றுபோகக்கூடும். குளிர்காலத்தில் இப்பாசி தடித்த உறைக்குள் ஒடுங்கிக் கடலடிச் சேற்றில் உறங்கி, இளவேனிலில் முளைத்து மேலே வருகிறது. ஆழ்கடல் சேற்றில் உறங்கும் இச்செல்கள், இருளும் வெப்பநிலையும் மாறாத ஆய்வகச் சூழலிலும் ஆண்டுக்கொரு முறை முளைப்பதை டொனால்ட் ஆண்டர்சனும் புரூஸ் கீஃபரும் 1987இல் கண்டறிந்தனர். செல்லின் உள்ளேயே ஒரு கடிகாரம் இயங்குகிறது என்ற அந்தச் செய்தியைக் கடலியலின் அழகிய கண்டுபிடிப்புகளுள் ஒன்றாகவே கொள்ள வேண்டும்.

இணை மாதிரி கடலை முப்பரிமாணக் கட்டங்களாகப் பகுத்து, ஒவ்வொரு கட்டத்திலும் வெப்பநிலை, உவர்ப்பு, ஓட்டம் ஆகியவற்றைக் கணக்கிட்டு, அவற்றின் மேல் முளைத்தல், வளர்தல், மடிதல் ஆகிய உயிர்வினைகளை ஏற்றுகிறது. உறங்கும் செல்களின் எண்ணிக்கை இலையுதிர் காலத்துச் சேற்று மாதிரிகளிலிருந்து கிடைக்கிறது. காற்றும் ஆற்று வெள்ளமும் வானிலைப் பதிவுகளிலிருந்து வருகின்றன. வடகிழக்குப் புயற்காற்று மேல்நீரைக் கரையோடு அணைக்கும்போது பாசியும் சிப்பிப் படுகைகளை நெருங்குகிறது. தென்மேற்குக் காற்று அதை வெளிக்கடலுக்கு விலக்குகிறது. 2005இல் செறிந்த உறக்கச் செல்களும் மிகுந்த ஆற்றுநீரும் மே மாதப் புயல்களும் ஒருங்கே கூடியதால், 1972க்குப் பிந்தைய மிகக் கடுமையான பெருக்கம் மெய்ன் முதல் மசாசூசெட்ஸ் வரை சிப்பி அறுவடையை முடக்கியது. 2008 இளவேனிலில் வூட்ஸ் ஹோல் கடலியல் நிறுவன ஆய்வாளர்கள் முன்கூட்டியே எச்சரித்த பெருக்கம் அவ்வாறே வந்தது.

ஆயினும் இத்துறையில் நுழைபவர் முதலில் பயில வேண்டியது 2010ஆம் ஆண்டின் தவறிய கணிப்பையே. 2009 இலையுதிர் காலத்தில் எண்ணப்பட்ட உறக்கச் செல்கள் 2005க்கு முந்தைய அளவைவிட ஏறத்தாழ 60 சதவீதம் மிகுந்திருந்தன. அவற்றை முந்தைய ஆண்டுகளின் காற்றோடும் நீரோட்டத்தோடும் மாதிரியில் தனித்தனியே இட்டுப் பார்த்தபோது ஒவ்வொரு கணிப்பும் பெரும் பெருக்கத்தையே காட்டியது. கடலிலோ அப்படி எதுவும் நிகழவில்லை. டென்னிஸ் மெக்கிலிகடியும் உடன் ஆய்வாளர்களும் காரணத்தை வளைகுடாவின் நீரிலேயே கண்டனர். அவ்வாண்டு மேல்நீர் வழக்கத்தைவிட வெதுவெதுப்பாகவும் உவர்ப்புக் குறைந்தும் இருந்தமையால் கனமான அடிநீரோடு கலக்காமல் அடுக்காக நின்றது. வேறு தாவர மிதவைகள் முன்னதாகவே செழித்து நைட்ரேட் முதலிய ஊட்டங்களை உண்டு தீர்த்தன. அலெக்சாண்ட்ரியத்துக்கு எஞ்சியது சொற்பமே. மாதிரியோ ஊட்டத்தின் அளவைப் பல்லாண்டுச் சராசரியிலிருந்தே எடுத்துக்கொண்டிருந்தது.

விதை எவ்வளவு என்பதைத் துல்லியமாக எண்ணியவர்கள் வயலின் சத்தைச் சராசரியாகக் கொண்டது கவனக்குறைவு அன்று. சேற்றை ஆண்டுக்கொரு முறை அள்ளினால் போதும், ஊட்டச்சத்தையோ பருவம் முழுதும் அளக்க வேண்டும். மேலும் அந்த ஊட்டத்தின் பெரும்பகுதி வடகிழக்குக் கால்வாய் என்னும் ஆழ்பள்ளத்தின் வழியே, கரையோர மாதிரியின் எல்லைக்கு அப்பாலிருந்து, அட்லாண்டிக்கின் ஆழ்நீரோடு வந்து சேர்கிறது. கட்டங்களை இன்னும் நுணுக்கமாக்குவதற்குச் செலவிடும் பணத்தில் ஒரு பகுதியையேனும் அந்த வாயிலில் மிதவைக் கருவிகளை நிறுத்தி, இளவேனிலுக்கு முன்பே நைட்ரேட்டை அளப்பதற்கு ஒதுக்குவதே, மட்டி தோண்டிப் பிழைக்கும் கரையோரக் குடும்பங்களுக்குப் பயன் தரும் ஏற்பாடாக இருக்கும்.